ஏழாம் நம்பர் அயர்ன்

புல்லில் ஈரம் இன்னும் காயவில்லை. மேனேஜர் தன் பந்தைக் குளத்துக்கு அப்பால் அடித்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே திரும்புகிறார். "இப்போ உங்க முறை. இன்டர்வியூலயே சொன்னீங்களே, கோல்ஃப்னா உயிர்னு." புதிதாகச் சேர்ந்த விற்பனை அலுவலர் அசடு வழியச் சிரிக்கிறார். அன்று சொன்னது பச்சைப் பொய். மச்சானிடம் இரவல் வாங்கி வந்த பையில் அயர்ன் எனும் இரும்புத்தலை மட்டைகளின் தலைகள் வெயிலில் மின்னுகின்றன, ஒவ்வொன்றிலும் ஓர் எண். பெரிய எண் தூரமாகப் போகுமா, சின்ன எண்ணா? விரல்கள் ஐந்தைத் தொட்டு, ஒன்பதுக்குப் போய்த் திரும்புகின்றன. பந்தில் படும் முகம் ஏழில் மட்டும் தேய்ந்திருக்கிறது. மச்சான் அதிகம் அடித்தது இதைத்தான் போலும். உருவுகிறார். "ஏழா? சரியாத்தான் எடுத்திருக்கீங்க," என்கிறார் மேனேஜர். போன உயிர் திரும்பி வருகிறது. பந்துக்குப் பக்கத்தில் நின்று, அதன் பின்னால் அயர்னைப் புல்லில் ஊன்றுகிறார். தேய்ந்த முகம் பந்தைப் பார்க்கவில்லை, எதிர்ப்பக்கம் பார்க்கிறது. மச்சான் சோறு உண்பதைத் தவிர எல்லாமே இடது கையால் செய்கிறவன் என்பது இப்போதுதான் உறைக்கிறது; இவை இடது கைக்காரருக்கான மட்டைகள். மேனேஜர் கிட்டே வந்து குனிந்து பார்க்கிறார். அவர் குரல் மெத்தென்றிருக்கிறது.

"வேலை ஆர்டர்ல நீங்க வலது கையாலதானே கையெழுத்துப் போட்டீங்க?"