ஃபிளாட்டுக்குத் தோதானது

புதிய குடியிருப்பில் நாய் வளர்க்க அனுமதியில்லை என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் வீடு மாறிய அன்று மார்க்கண்டன் கரியனைக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே இருந்த காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தான். கரியன் வயதான நாட்டு நாய். கார் கிளம்பியதும் அது பின்னாலேயே ஓடிவந்ததை மனைவி செண்பகவல்லியிடம் அவன் சொல்லவில்லை. காப்பகத்துப் பெண்தான் தொலைபேசியில் அவளிடம் சொன்னாள். சாப்பிடாமல் கேட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்து அது செத்துப்போனதையும் அவள்தான் சொன்னாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கண்டன் மனைவியைச் செல்லப்பிராணிக் கடைக்கு அழைத்துப் போனான். கடைக்காரர் ஒரு வெள்ளை முயலைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். அடர்ந்த ரோமத்துக்குள் அவள் விரல்கள் புதைந்தன.

“ஃபிளாட்டுக்கு இதுதாம்மா தோது. சத்தமே வராது. பக்கத்து வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்ல முடியாது.”

“ஆளை அடையாளம் தெரிஞ்சுக்குமா?”

கடைக்காரர் தயங்கினார். “நாய் மாதிரியெல்லாம் இல்லம்மா. யார் கீரை போட்டாலும் அவங்ககிட்ட போயிடும்.”

“வேற எங்கயாவது கொண்டுபோய் விட்டா, நம்மள தேடுமா?”

“சேச்சே, தேடாதும்மா.”

“அப்ப இதையே குடுங்க.”

மார்க்கண்டனுக்கு நிம்மதியாக இருந்தது. வீடு மாறியதிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் இது. காரில் ஏறியதும், “என்ன பேரு வைக்கலாம், வல்லி?” என்றான்.

மடியிலிருந்த கூண்டை எடுத்து அவள் காலடியில் வைத்தாள்.

“பேரெல்லாம் வேண்டாங்க.”