திறந்து போட்ட இன்ஜின்

"திருடன்! ஊரறியச் சொல்றேன், அந்த ஒரெஸ்தே ஒரு பச்சைத் திருடன்!"

லெயார்கோ போட்ட சத்தத்தில் காபிக் கடையே பேச்சை நிறுத்திவிட்டது. சனிக்கிழமை காலை. இத்தாலியில் மோதெனா பக்கத்து அந்தச் சின்ன ஊரில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள்.

"என்னண்ணே ஆச்சு?" என்றான் வைனெர். ஊரில் இருக்கும் இரண்டு கார் பட்டறைகளில் ஒன்று அவனுடையது, இன்னொன்று ஒரெஸ்தேயுடையது.

"ஏப்ரல்ல காரை விட்டேன். 'இன்ஜின் பெல்ட் மாத்தணும்ணே'ன்னு அவனே வீடு தேடி வந்து ஓட்டிட்டுப் போனான். இப்ப செப்டம்பர். எப்பக் கேட்டாலும் 'பெல்ட் இன்னும் வரலண்ணே'தான். இன்னிக்கு அவன் இல்லாத நேரமாப் போய்ப் பார்த்தேன். கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்குது, என் கார் பெல்ட்! மேல அப்படியே தூசி!"

கோபம் வராமல் இருக்குமா? லெயார்கோ சாதாரண ஆள் இல்லை. புதுக் கார்களை உச்ச வேகத்தில் ஓட்டிச் சோதிப்பதையே தொழிலாகச் செய்து ஓய்வுபெற்றவர். மிச்சம் பிடித்து வாங்கியது அந்தச் சிவப்பு கார். முப்பது வருஷத்துப் பழசு. எண்ணெய் சூடேறும்வரை இரண்டாவது கியர் விழாது. அதுவரை அவரும் பொறுமையாக ஊரைச் சுற்றிவிட்டுத்தான் மலைப்பாதையைப் பிடிப்பார். வீட்டில் மனைவியின் குட்டிக் கார் ஒன்று உண்டு. அதன் ஸ்டீயரிங்கைத் தொடுவதுகூடத் தனக்குக் கௌரவக் குறைச்சல் என்பார்.

மறுநாள் ஞாயிறு, ஊரின் பழைய கார்களெல்லாம் வரிசையாக மலையேறும் நாள். ஒவ்வொரு வருஷமும் வரிசையில் முதலில் போவது அவர்தான்.

"வைனெர், அவன் திறந்து போட்ட இன்ஜினை நீ வந்து பூட்டிக் குடுடா."

"மன்னிச்சுக்குங்கண்ணே. அந்த கார்ல இன்ஜினைக் கீழே இறக்கினாத்தான் பெல்ட்டையே மாத்த முடியும். ஒருத்தர் திறந்து போட்ட இன்ஜினை இன்னொருத்தர் தொடறதில்ல. நாளைக்கு ஒரு போல்ட் கழண்டா யார் பொறுப்பு?"

"நல்ல வழக்கம்டா! திருடனுக்குன்னே செஞ்ச வழக்கம்!"

விடுவிடுவென்று பட்டறைக்கு நடந்தார். வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே ஒரு கூட்டமும் போயிற்று.

ஒரெஸ்தே திரும்பி வந்திருந்தான். ஏதோ ஒரு காருக்கடியில் கிடந்தவன் எழுந்து கையைத் துடைத்தான்.

"பெல்ட் எப்ப வந்தது?"

ஒரெஸ்தே கதவைப் பார்த்தான். "மே மாசமே வந்துடுச்சுண்ணே."

"அப்ப இத்தனை நாளும் பொய்?"

"ஆமாண்ணே."

கூட்டம் 'ச்சே' என்றது.

"போன மாசம் ஒரு சுவிஸ்காரன் வந்து என் காரைச் சுத்திச் சுத்திப் பார்த்தானாமே? நான் அலுத்துப் போய் வித்துடணும், நடுவுல நீ கமிஷன் அடிக்கணும். அதானே உன் திட்டம்? உன்னைத் தம்பியா நெனச்சேனேடா! இனி ஒரு காரும் இந்த வாசல் மிதிக்காது. மிதிக்க விடமாட்டேன்!"

"உங்க இஷ்டம்ணே."

அந்த நிதானம்தான் லெயார்கோவின் கோபத்தை இன்னும் கிளறியது. கூட்டத்திலிருந்து ஒருவர், "என் வண்டியையும் எடுத்து வெளிய விடுப்பா, நான் வேற இடம் பார்த்துக்கறேன்" என்றார். ஒரெஸ்தே மறுபேச்சில்லாமல் சாவியை எடுத்து நீட்டினான்.

அப்போதுதான் அவன் மனைவி நிவெஸ் உள்ளறையிலிருந்து வந்தாள். "பார்த்தது போதும், கிளம்புங்க" என்று கூட்டத்தை வெளியே தள்ளி ஷட்டரை இறக்கினாள். லெயார்கோ மட்டும் உள்ளே நின்றார்.

"நிவெஸ், வேண்டாம். சத்தியம் பண்ணியிருக்கே" என்றான் ஒரெஸ்தே.

"பண்ணினேன். ஊரே உங்களைத் திருடன்னு சொல்றதை நின்னு கேக்கறேன்னு பண்ணல." அவள் லெயார்கோ பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஏப்ரல்ல எனக்குத் தோள் உடைஞ்சுது. ஞாபகம் இருக்கா?"

"குளியலறையில வழுக்கி விழுந்தே. ஆரஞ்சு வாங்கிட்டு வந்து பார்த்தேனே. இப்ப அதுக்கென்ன?"

"நான் வழுக்கி விழல. சைக்கிள்ல போயிட்டிருந்தேன். சர்ச் முனையில, பட்டப்பகல்ல ஒரு கார் என்னைத் தள்ளிட்டுப் போச்சு. உங்க சிவப்பு கார். நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல."

லெயார்கோவுக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறிவிட்டது.

"புருஷன் திருட்டை மறைக்க என் மேலயே பழியா? நானா? வாழ்நாள் பூரா ஸ்டீயரிங் பிடிச்ச கை இது! ஒரு பொம்பளையைக் கீழே தள்ளிட்டு நிக்காமப் போற ஆளா நான்?"

வெளியே தெருவில் 'திருடன், திருடன்' என்று பேசிக்கொண்டே ஆட்கள் கலைந்து போவது ஷட்டர் வழியாகக் கேட்டது. ஒரெஸ்தே தலையைத் தூக்கவில்லை. நிவெஸின் குரல் தணிந்துவிட்டது.

"இல்லண்ணே. உங்க கண்ணுக்கு நான் தெரிஞ்சிருந்தா நீங்க கட்டாயம் நின்னிருப்பீங்க. அது இவருக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் மறுநாளே உங்க வீட்டுக்கு ஓடி வந்து காரை வாங்கி, ஒரு குறையும் இல்லாத இன்ஜினைத் திறந்து போட்டார்."