பாட்டு வேண்டாம்

“பாட்டெல்லாம் போட்டுக் காட்டாண்டாம். இதைக் காதுல வச்சா வெளிச்சத்தம் நிக்குமா? அதை மட்டும் சொல்லு.”

சகாயசெல்வி இப்படிக் கேட்டதும் ஷஹீர் விழித்தான். பாட்டு வேண்டாம் என்று சொல்லி இயர்பட்ஸ் வாங்க அவன் கடைக்கு அதுவரை யாரும் வந்ததில்லை.

“ஆருக்கு அக்கா?”

“எங்க வீட்டு ஆளுக்கு.”

ரீசார்ஜ் செய்ய வந்து நின்ற ஊர்க் கமிட்டித் தலைவர் ஆன்ட்ரூஸ் திரும்பிப் பார்த்தார்.

“சிலுவைக்கா? மண்டையில ஆபரேஷன் கழிஞ்சு வந்து ஒரு மாசம் ஆகல்ல. கட்டில்ல கிடக்குதவனுக்கு மருந்து வாங்குவியா, காதுல மாட்டுத சாமான் வாங்குவியா? நல்ல பெண்டாட்டி!”

சகாயசெல்வி அவர் பக்கம் திரும்பினாள்.

“எங்க ஜன்னலுக்கு நேரா குழாய் ஸ்பீக்கரைக் கட்டச் சொன்னது ஆரு? கொடியேறின நாள்ல இருந்து அவியளுக்கு ஒறக்கமில்ல. ஒறங்கல்லன்னா வலிப்பு வரும்னு டாக்டர் சொல்லி விட்டாரு. நேத்து வந்தும் போச்சு. அந்த ஒரு குழாயை மட்டும் அவுத்துத் தாங்கன்னு உங்க வாசல்ல வந்து நின்னேனா இல்லியா?”

“ஒருத்தருக்கு அவுத்தா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். திருவிழாச் சத்தம் எல்லா வீட்டுலயும்தான் கேக்குது. எங்க வீட்டுல கேக்கல்லியா? நாங்க என்ன, காதைப் பொத்திக்கிட்டா கிடக்கோம்?”

“உங்க வீட்டுல ஆருக்கும் மண்டையைத் திறக்கல்ல.”

“ஏட்டி, நாக்கை அடக்கு! திருவிழாச் சத்தம் வேண்டாம்னு காதை அடைக்குதவன் இந்த ஊர்க்காரனே இல்ல. லே ஷஹீரு, நீயும் கேட்டுக்கோ. இந்த மாதிரி சாமானைத் திருவிழா கழியது வரைக்கும் ஊர்க்காரங்களுக்கு விக்கப்பிடாது.”

ஷஹீர் அவரையே பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அவன் கடை இருப்பது கமிட்டிக் கட்டடத்தில்.

பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தான். இயர்பட்ஸைத் துடைத்து, ரப்பரை மாற்றிச் சகாயசெல்வியிடம் நீட்டினான்.

“புதுசைப் பிரிச்சா கம்பெனியில திரும்ப எடுக்க மாட்டாவ அக்கா. இது ஒருத்தர் ராத்திரி வச்சுப் பாக்கக் கொண்டுபோய், காலையில திருப்பித் தந்தது. இதை வச்சுப் பாருங்க. உள்ளதைச் சொல்லுதேன். ஜெனரேட்டர் இரைச்சல் சுத்தமா நிக்கும். பாட்டும் கொட்டும் பாதிதான் குறையும். ஆறு மணிக்கூர் கழிஞ்சா சார்ஜ் போடணும். சரிஞ்சு படுத்தா குத்தும். கொண்டுபோனவரு அப்படித்தான் சொன்னாரு.”

அவள் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். எதிர்க் கம்பத்தில் குழாய் அலறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கழற்றாமலே திரும்பி வந்தாள்.

“பாதிதான் போகுது. அதுக்கும் நான் காசு குடுக்கணும். சத்தம் உண்டாக்குதவன் சும்மா இருக்கான். கேக்குதவன் காசு குடுக்கணும். நல்ல நியாயம்!”

“ஆரைச் சொல்லுத? ஆரைச் சொல்லுத நீ?” ஆன்ட்ரூஸ் ஒரு அடி முன்னால் வந்தார்.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. வீட்டிலிருந்து மனைவி. எரிச்சலோடு எடுத்தார்.

“என்னட்டி? சொல்லு... ஹலோ? ஹலோ? ஒண்ணும் கேக்கல்ல. ஹலோ!”

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். தட்டினார். மறுபடியும் காதில் வைத்துக் கத்தினார்.

சகாயசெல்வி அசையாமல் நின்றாள். அவர் கத்தக் கத்த அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

ஷஹீர் திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தான். திறந்ததும், கடைசியாக எந்தப் போனில் சேர்ந்திருந்ததோ அந்தப் போனோடு தானே போய்ச் சேர்ந்துகொள்ளும் சாதி அது. ‘கழட்டுங்க அக்கா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை.

“உன் கடையில டவர் இல்லியாலே?” என்று ஆன்ட்ரூஸ் அவன்மேல் பாய்ந்தார்.

“டவரெல்லாம் இருக்கு அண்ணே. மைனிதான் பேசுது, எனக்கு நல்லா கேக்குது” என்றாள் சகாயசெல்வி. “உங்க வீட்டு முன்னால நின்ன குழாயை அவுத்து எங்க ஜன்னல்ல கட்டியும் சத்தம் குறையல்லியாம். நேத்து ராத்திரி நீங்க காதுல வச்சுப் படுத்தியளே, அதே மாதிரி, குத்தாததாப் பாத்து ரெண்டு வாங்கிட்டு வரச் சொல்லுது.”