கண்ணாடிச் சுவர்

தாலுகா ஆபீஸின் செங்கல் சுவரை இடித்துக் கண்ணாடிச் சுவர் வைத்த அன்று, ஊரே வெளியே திரண்டது. முதலில் எடுத்த கோப்பு செண்பகவல்லியின் பட்டா மனு. ஆறு வருடம் அலைந்தவள் முன்வரிசையில் நின்றாள். கோப்பு முதல் மேசையைத் தாண்டியதும் விசில் பறந்தது. இரண்டாவது மேசையில் கிளார்க் உலகநாதன் கைப்பழக்கத்தில் அதைக் கோப்புக் கட்டின் அடியில் செருகினார். "ஐயையோ!" என்று கூட்டம் அலறியது. அவர் திடுக்கிட்டு அதை உருவியெடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஒரே ஆரவாரம். கோப்பு மேசை மேசையாக நகர நகர, எல்லோரும் சுவரோரமாகக் கூடவே ஓடினார்கள். கடைசியில் அது தாசில்தார் அறைக்குள் போனது. அங்கேயும் கண்ணாடிதான், ஆனால் உள்ளே பச்சைத் திரை தொங்கியது.

"திரையைத் தூக்குங்கய்யா!" மூக்கு கண்ணாடியில் நசுங்க, செண்பகவல்லி கத்தினாள். கூட்டமும் சேர்ந்து கத்தியது. உள்ளிருந்து ஒரு கை திரையின் ஓரத்தைப் பற்றியது. அப்போது யாரோ அவளைப் பின்னாலிருந்து இடித்தார்கள். திரும்பினால் உலகநாதன், பேனாவை மூடக்கூட மறந்து ஓடி வந்திருந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா. பத்தொன்பது வருசமா உள்ள அனுப்பிக்கிட்டே இருக்கேன். அங்க என்னதான் நடக்குதுன்னு நானும் பாக்கணும்."