பென்சிலில் ஓர் எண்பது

ஆலங்கட்டி மழை ஓய்ந்து மூன்றாம் நாள். சோளத்தட்டைகள் முறிந்து சேற்றில் படுத்துக் கிடக்கின்றன. சேதத்தைக் கணக்கெடுத்து நிவாரணத்துக்கு எழுத வந்த அதிகாரி, வரப்பில் நின்றபடி படிவத்தை நிரப்புகிறார். நிலத்துக்காரி அவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பெயர், சர்வே எண், பரப்பளவு எல்லாம் நீலப் பேனாவில் பளிச்சென்று விழுகின்றன. சேத சதவீதம் என்ற கட்டம் வந்ததும் அவர் பேனாவை மூடிவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுக்கிறார். எண்பது என்று எழுதுகிறார், தாளுக்கு வலிக்காமல். பென்சில் இன்னும் நீளம் குறையாத புதுசு. அதன் பின்னாலிருக்கும் ரப்பர் மட்டும் பாதிக்குமேல் தேய்ந்திருக்கிறது.

"இதை மட்டும் எதுக்குங்க பென்சில்ல?"

"வழக்கம்தாம்மா. மேல பாத்து முடிவு பண்ணுவாங்க." பென்சிலை மறுபடி காதில் செருகிக்கொண்டு, பேனாவைத் திறந்து நீட்டுகிறார். "நீங்க இதுல கையெழுத்துப் போடுங்க."

பின்னால் கொழுந்தன் செருமுகிறான். காலையில் தன் நிலத்துப் படிவத்தில் அவன் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். "அண்ணி, அவருக்கு இன்னும் நாலு ஊரு இருக்கு. சட்டுன்னு போடுங்க."

அவள் படிவத்தை வாங்கி வெயிலில் சாய்க்கிறாள். பேனா எழுத்து அப்படியே நிற்கிறது. எண்பது மட்டும் ஒரு பக்கம் சாய்த்தால் மினுங்குகிறது, மறுபக்கம் சாய்த்தால் காணாமல் போகிறது. முறிந்த தட்டைகளுக்கு அடியில் எங்கோ தண்ணீர் கசிந்துகொண்டிருக்கிறது.

நீட்டிய பேனாவை அவள் தொடவில்லை. சேற்று விரல்களைத் துடைத்துக்கொண்டு அவர் காதைக் காட்டுகிறாள்.

"அந்தப் பென்சிலையே குடுங்க சார். என் கையெழுத்தையும் மேல பாத்து முடிவு பண்ணட்டும்."