ஐந்தாவது ஆள்

பேச்சுவார்த்தை மேசையின் விரிப்பை மின்விசிறி ஒரு மூலையில் மட்டும் தூக்கித் தூக்கிப் போடுகிறது. தீயணைப்பு வண்டிக்கு நான்கு பேர் போதாது, ஐந்தாவதாக ஓர் ஆள் வேண்டும் என்று சங்கத் தலைவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். வண்டியின் மற்ற மூன்று பேரும் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவியை மென்று விழுங்குகிறார்கள். "நாங்க குழாயப் பிடிச்சா ஏணிய யார் சார் பிடிக்கிறது?" நிர்வாக அதிகாரி பேனா மூடியால் காது குடைகிறார். "சுவத்துல சாய்ச்சு வச்சா தானா நிக்கப்போகுது." அபாய மணி அலறுகிறது. நாற்காலிகள் கிறீச்சிட, நால்வரும் பூட்ஸை நோக்கி ஓடுகிறார்கள். "எப்பப் பேச உக்காந்தாலும் இதே கூத்து," அதிகாரி தலையில் அடித்துக்கொள்கிறார். "பேசறதுக்கு ஒரு ஆளையாவது விட்டுட்டுப் போங்கய்யா." ஒரு கை மட்டும் நுழைந்த கோட்டோடு தலைவர் வாசலில் திரும்புகிறார். "அந்த ஒரு ஆளத்தான் சார் கேக்குறோம்."