மூங்கில் தேனீ

காடு எரிந்தபோது ஒரு தேனீ மட்டும் தப்பி, ஆற்றைத் தாண்டி, ஓர் ஆலமரத்துக் கூட்டுக்கு வந்து வேலை கேட்டது.

வாசலில் இருந்த காவல் தேனீ அதை முகர்ந்து பார்த்தது. "உன்மேல் வேறு ராணியின் வாசனை இருக்கிறது. ஓடையில் கழுவிவிட்டு வா. உள்ளே இடம் இருக்கிறது."

"என் ராணி நெருப்பில் போய்விட்டாள். அவளுடையதாக என்னிடம் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். கழுவ மனசு வரவில்லை."

"அப்படியென்றால் வேலை இல்லை."

தேனீ பக்கத்து மூங்கிலில் ஒரு துளையைப் பார்த்துக் குடியேறியது. தனியாகவே பூக்களைத் தேடிப் போனது, தனியாகவே மெழுகு பூசியது. சில மழைக்காலங்கள் போனதும் மூங்கில் முழுக்கத் தேன் மணத்தது.

ஒருநாள் காவல் தேனீ அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தது. "உங்கள் ஆட்களுக்குச் சொந்தத் தொழில் பிறவியிலேயே வந்துவிடுகிறது. இன்னொருவரிடம் கைகட்டி நிற்க உங்களுக்குப் பிடிக்காது, இல்லையா?"

"நான் முதலில் வந்து நின்றது உங்கள் வாசலில்தான்," என்றது மூங்கில் தேனீ.

காவல் தேனீ போன பிறகு, அது தன் சிறகை முகர்ந்து பார்த்தது. தேன் வாசனைதான் வந்தது. ராணியின் வாசனை எப்போது போனது என்று அதற்குத் தெரியவில்லை.